மேலே வந்து விழும் வாசனை

அத்தை கால் வலிக்கிறது என்று சொன்னார். நானும் நம்பிவிட்டேன். மாலையில் தோட்டத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம், "நீ போயிட்டு வாம்மா, எனக்கு இன்னிக்குக் கால் ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. இரண்டு வாரம் இதே பதில் வந்த பிறகுதான் உறைத்தது: அந்தக் கால் வீட்டுக்குள் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து பின்னறைக்கு, பின்னறையிலிருந்து வாசலுக்கு, சுவரை விரல்நுனியால் தடவியபடி ஒரு நாளைக்கு எத்தனையோ நடை. தோட்டம் என்றால் மட்டும் வலி. என் மாமியார் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர் இல்லை. "நீ செஞ்சது எனக்குப் பிடிக்கலை" என்று அவர் வாயிலிருந்து வரவே வராது. அதற்குப் பதிலாகத்தான் "கால் வலிக்குது" வரும். இது புரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். எட்டு மாத உழைப்பு அந்தத் தோட்டம். அதுவும் அவருக்காகவே போட்டது.

அவருக்கு கிளாக்கோமா. பக்கப் பார்வையை முதலில் தின்றுவிட்டு மெல்ல மெல்ல நடுவுக்கு வருகிற நோய். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தெல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். கண்டுபிடித்தபோதே பாதிக்கு மேல் போயிருந்தது. இப்போது நேர் எதிரே ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரியும், அதுவும் வெளிச்சம் இருந்தால். வெளியே போவது குறைந்தது, பேச்சு குறைந்தது. வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி நீளத்துக்கு, பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அங்கே ஐம்புலன்களுக்குமான ஒரு தோட்டம் போட்டால் மனசு ஆறுதலாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து நான் ஓயவில்லை.

நிறையப் படித்தேன். படித்ததில் எல்லோரும் தவறாமல் சொல்வது 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்கு ஒரு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டன. தோட்டம் போடுகிற எவரையும் உற்சாகப்படுத்தும் சேதிதான். ஆனால் அது முழுக்க முழுக்கக் கண்ணைப் பற்றியது. கண் மங்கிய ஒருவருக்கு அந்த ஜன்னலை எப்படித் திறப்பது? நான் கண்டுபிடித்த பதில் ரொம்ப சுலபமானது: கண்ணுக்குப் போகவேண்டியதை மூக்குக்குக் கொடுத்துவிடுவோம்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டேன். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். மூக்குக் கட்டம் மட்டும் தாளைத் தாண்டி வழிந்தது. மல்லிகை மூன்று வகை, இரவுராணி, மனோரஞ்சிதம், பவளமல்லி, ஒட்டுக்கட்டிய செண்பகம். அமைதிக்கென்று போடுகிற எந்தப் பட்டியலிலும் முதலில் நிற்கும் லாவெண்டரும் உண்டு. அது இல்லாமல் தோட்டம் போடக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டதுபோல. (அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வேரில் ஈரம் நின்றால் அழுகிவிடும் என்பதைச் செடி செத்த பிறகுதான் படித்தேன்.) காதுக்கு மூன்று காற்றுமணிகள், ஒரு சின்ன நீரூற்று. கண்ணுக்கு, மிச்சமிருக்கும் பார்வைக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று வரிசையாகச் சிவப்புச் செம்பருத்தி. தோலுக்குத் தொட்டாற்சிணுங்கி. நாக்குக்கு என்ன வைத்தேன் என்பதே நினைவில்லை.

எல்லாம் தழைத்து, பூத்து, ஒரு மாலை அத்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார். மூன்று வாரம் தவறாமல் வந்தார். அப்புறம் கால் வலி.

குழாயடித் தொட்டி

நான் சொல்ல வந்த விஷயம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு காலை, பதினோரு மணி இருக்கும், சமையலறை ஜன்னல் வழியே பார்க்கிறேன். பின்கட்டுக் குழாயடியில் அத்தை தனியாக நிற்கிறார். அங்கே ஒரு பழைய தொட்டியில் கற்பூரவல்லி உண்டு. நான் தோட்டம் போடுவதற்கு முன்பிருந்தே கிடப்பது. விளிம்பு உடைந்த தொட்டி, கோணல்மாணலாகச் சரிந்த தண்டுகள். என் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதால் குழாய்க்குப் பக்கத்தில் ஓரங்கட்டியிருந்தேன். அத்தை குனிந்து ஒரு இலையைப் பிடித்தார். பறிக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுவதுபோல் ஒரு தடவல். கற்பூரவல்லி இலை தெரியுமல்லவா, தடித்து, சாறேறி, மேலே பூனைமுடிபோல் ஒரு மென்மை, ஓரத்தில் மழுங்கிய பற்கள். அந்தப் பற்களை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் சுற்றிவந்தார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மூச்சு. கையை இறக்கினார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு மறுபடி விரல் மூக்குக்குப் போனது. அவர் முகத்தில் நான் எட்டு மாதமாக வரவழைக்கப் பாடுபட்டது எதுவோ அது அப்போது இருந்தது. அதன்பின் திரும்பி, சுவரைத் தொடாமல், நேராக ஏழெட்டு எட்டு வைத்து வாசற்படிக்கு வந்து சேர்ந்தார்.

நான் வெளியே போய்க் கேட்டுவிட்டேன். "ஏன் அத்தை, அங்கே அவ்வளவு வாசனை இருக்கே, அதை விட்டுட்டு இங்க நிக்கறீங்க?"

அவர் சங்கடப்பட்டார். மாட்டிக்கொண்ட முகம். "அது வந்து... அதெல்லாம் மேல வந்து விழுதும்மா" என்றார். "இது அப்படி இல்ல. நான் தொட்டாத்தானே." கொஞ்சம் நிறுத்திவிட்டு, இவ்வளவு சொன்னதே சொல்லிவிட்டோம் என்பதுபோல மீதியையும் சொன்னார். "அங்க போனா எல்லாம் ஒண்ணா கலந்து மூட்டம் போட்ட மாதிரி இருக்கு. எங்க நிக்கறேன்னே தெரியல. அந்த மணிச் சத்தம் வேற, எந்தப் பக்கம் வாசல்னு காது பிடிக்க மாட்டேங்குது. நீ ஆசையா செஞ்சிருக்க, அதான் சொல்லல."

மூட்டம் என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் என் ஐந்து கட்டத் தாள் கிழிந்துபோனது. பார்வை மங்கியவருக்காக நான் ஆசை ஆசையாகச் செய்து வைத்தது இன்னொரு மங்கல்.

பூ வேறு, இலை வேறு

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மேலே வந்து விழுவது, தொட்டால் வருவது என்ற அந்தப் பிரிவினையே சுற்றிச்சுற்றி வந்தது. பிறகு யோசித்தால், செடிகளின் உடம்பிலேயே அந்தப் பிரிவினை இருக்கிறது.

பூவின் மணம் தூரத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதற்காக உண்டானது. மல்லிகை, இரவுராணி போன்றவை அந்தியில் வெளியே வரும் அந்துப்பூச்சிகளை எதிர்பார்த்து நிற்பவை. இருட்டில் நிறம் உதவாது. அதனால் இவற்றின் பூக்கள் பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிறியோ இருக்கும், மணத்தை மட்டும் காற்றில் அள்ளி வீசும். இதழின் செல்கள் அந்த நேரம் பார்த்து வாசனைப் பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்ற பேச்சே இல்லை. மல்லிகை மணத்தில் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு. கொஞ்சமாக இருந்தால் பூ வாசம், செறிந்துவிட்டால் மலவாடை. மூன்று மல்லிகைச் செடியைச் சுவரடைத்த ஒரு மூலையில் காற்றோட்டமில்லாமல் வைத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. இரவுராணி இன்னும் மோசம், சிலருக்கு அது தலைவலியே கொண்டுவரும். அதன் காய்கள் வேறு நஞ்சு.

இலை கதை நேர் எதிர். துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலைமேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுரப்பி முடிகள் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளி எண்ணெய். இலையைத் தின்ன வரும் பூச்சியை விரட்டுவதற்கான சரக்கு அது. யாரையும் அழைக்கிற வேலை அதற்கில்லை. அதனால் மூடியே கிடக்கும். உரசினால், கிள்ளினால் அந்தத் துளி உடைந்து விரலில் ஒட்டும். கையை எடுத்துவிட்டால் முடிந்தது. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி தொடவேண்டும். எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்பது தொடுகிறவர் கையில். அத்தை சொன்னது இதைத்தான்.

மூக்கு விசித்திரமான கதவு. கண்ணை மூடிக்கொள்ளலாம், கையை இழுத்துக்கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவது? மற்றப் புலன்களின் சேதிகள் மூளையின் நடுவே தலாமஸ் என்னும் சாவடியில் நின்றுதான் மேலே போகின்றன. மணத்தின் சேதி அந்தச் சாவடியில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு மிக அருகே நேரே போய் இறங்குகிறது. மூக்கில் வாசனையைப் பிடித்து மூளைக்குச் சொல்கிற ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வாசனை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது பாருங்கள் என்று சிலாகிப்போம். நானும் சிலாகித்திருக்கிறேன். அவ்வளவு ஆழத்துக்கு அனுமதி கேட்காமல் ஒன்று இறங்கினால் அது தொல்லையும்தான் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. போதாக்குறைக்கு, ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். ஆக என் தோட்டம் முதல் ஐந்து நிமிடம் தாங்கமுடியாத இரைச்சல், அதன்பின் ஒன்றுமே இல்லை.

கண் மங்கினால் மூக்கு தானாகக் கூர்மையாகிவிடும் என்பது, பார்க்கிறவர்கள் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற ஆறுதல். பெரும்பாலும் கூடுவது கவனம்தான். நாம் காதிலும் மூக்கிலும் விட்டுவிடுகிற தகவலை அவர்கள் சேகரித்துக்கொள்கிறார்கள். அத்தைக்கு வாசனை வெறும் இன்பம் இல்லை, வழிகாட்டிக் கல். வழியெல்லாம் ஒரே கல்லாக நட்டுவைத்தால் யாருக்கு என்ன வழி தெரியும்?

கைக்குத் தெரிந்தது

அடுத்த நாளே பிடுங்க ஆரம்பித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஒரு மாதம் ஒன்றும் செய்யவில்லை. மனோரஞ்சிதத்தை எடுக்க மனசே வரவில்லை. பிறகு மெல்ல, அத்தையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செடியாகக் கையில் கொடுத்துக் கேட்டோம். அந்த ஒரு மாலையில் தெரிந்துகொண்டது, அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகம்.

தொட்டாற்சிணுங்கியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என் பெரிய நம்பிக்கை. தொடு உணர்வுக்கென்றே படைத்த செடி என்று நினைத்திருந்தேன். அத்தை விரலை வைத்தார். இலைகள் மடங்கின. "எங்கம்மா செடி?" என்றார். நான் திகைத்துப் போனேன். மடங்குவது பார்க்கிறவருக்கு வேடிக்கை. இலைக்காம்பின் அடியில் இருக்கும் புடைப்பிலிருந்து தண்ணீர் வெளியேறி இலை தொங்கிப்போகும் அந்த ஒரு நொடி, விரலுக்கு வெறும் இல்லாமை. தொடப்போனால் காணாமல் போகிற செடி. மிஞ்சுவது தண்டிலிருக்கும் முள். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது உற்றறியும் அறிவு என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆறறிவுக்குமான அந்த வரிசை தொடுகையில்தான் தொடங்குகிறது. அதன் பிறகே நாக்கு, மூக்கு, கண், காது, மனம். தொட்டாற்சிணுங்கிக்கு அந்த ஓரறிவு இருப்பது உண்மைதான். எங்களுக்குத் தேவைப்பட்டது, நாம் தொடும்போது ஓடிப்போகாமல் நிற்கிற ஒன்று.

பவளமல்லியைக் கழித்துவிடலாம் என்றிருந்தேன், அதுவும் வீசுகிற ஜாதிதானே என்று. அத்தை அதன் இலையைத் தொட்டதும் சிரித்தார். "இது உப்புத்தாளு." ஆமாம், பவளமல்லி இலை தேய்க்கிற தாள் போலச் சொரசொரவென்றிருக்கும். பூவுக்காக வாங்கிய நான் அதுவரை இலையைத் தொட்டதே இல்லை. அது தப்பித்தது. அதன் பூ இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும் என்பதால் அத்தை உலவுகிற நேரத்தில் பெரிய இரைச்சலும் இருக்காது. தோட்டத்தின் கடைக்கோடி மூலையில் நட்டோம். தொடாமலே வருகிற ஒரே பூ வாசம் இப்போது அது ஒன்றுதான். ஒன்றே ஒன்று, அதுவும் ஒரே மூலையில் என்னும்போது மூட்டமாக இல்லாமல் திசையாக மாறிவிட்டது.

எலுமிச்சைப்புல் வாசனையில் நூற்றுக்கு நூறு. ஆனால் அதன் ஓரம் கத்தி. இழுத்துத் தடவினால் விரல் கீறும், அத்தைக்குக் கீறியது. பார்க்கிறவர்கள் புல்லை எந்தத் திசையில் தடவவேண்டும் என்று கண்ணால் முடிவு செய்துகொள்கிறோம். அவர் கை அப்படியே போகும். அதைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி வைத்தாயிற்று. வெட்டிவேர் விஷயம் இன்னும் கேலிக்கூத்து. வாசனைக்கென்று ஆசையாக ஒரு வரிசை நட்டிருந்தேன். வாசனை முழுக்க வேரில். அந்த வேரோ மூன்று மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. முகர்ந்து பார்க்க வேண்டுமானால் தோட்டத்தைத் தோண்ட வேண்டும்! ஆனால் காற்றடித்தால் அந்தப் புல் எழுப்புகிற சலசலப்பு அத்தைக்குப் பிடித்திருந்தது. அது காதுக் கட்டத்துக்கு மாறியது.

ரோஜா வேண்டும் என்று அத்தை மட்டும் அல்ல, நானும் ஆசைப்பட்டேன். முள் இருக்கிறதே. அப்போதுதான் வாசனை ஜெரேனியம் கிடைத்தது. இலையைக் கசக்கினால் ரோஜா மணம். பூவே தேவையில்லை, முள்ளும் இல்லை. இலை மெத்மெத்தென்று, ஆழமாகக் கிழிந்த விரல்களோடு இருக்கும். அதேபோல மென்தால் மிகுந்த புதினா வகை ஒன்று. அதைக் கசக்கி மூக்கருகே வைத்தால் ஜில்லென்று இருப்பது உண்மையில் வாசனையே அல்ல. குளிரை உணர்கிற அதே ஏற்பியை மென்தால் தட்டி எழுப்புகிறது. 2002-ல் அந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூடியன் இருவருக்கும் வெப்பம், தொடுகை ஆகியவற்றின் ஏற்பிகளுக்காக 2021-ல் நோபல் கொடுத்தார்கள். "பச்சத்தண்ணில கைய விட்ட மாதிரி இருக்கு" என்று அத்தை அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

விரல்நுனியின் திறமையை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள் தொட்டால் இரண்டு என்று அதற்குத் தெரியும். முதுகில் என்றால் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்தின் புள்ளிகளுக்கு நடுவே இருப்பது சுமார் 2.5 மில்லிமீட்டர். அப்படியானால் இலை நரம்பும், ஓரப் பல்லும், மயிரும், மெழுகும் எல்லாம் எழுத்துகள்தாம். இதைத் தெரிந்துகொண்ட பின் செடி தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது. நாற்றங்காலுக்குப் போனால் பூவைப் பார்ப்பதில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு இலையைத் தடவுகிறேன். பக்கத்தில் இருக்கிற இரண்டு செடிகள் விரலுக்கு ஒரேமாதிரி இருந்தால் ஒன்றை விட்டுவிடுகிறேன். கடைக்காரர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

எல்லா இலையும் தொடுவதற்கல்ல என்பதையும் சொல்லவேண்டும். கை தடவுகிற தோட்டத்தில் அரளிக்கு இடமே கிடையாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய விபரீதம். கள்ளிப்பாலும் அப்படித்தான். ஊமத்தை, ஆமணக்கு, அழகுக்கு வைக்கிற டிஃபன்பேக்கியா எல்லாம் தள்ளி. கண் தெரிந்தவருக்குத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளத் தெரியும். தொட்டது எது என்றே தெரியாதவருக்கு?

எட்டு எட்டுக்கு ஒன்று

அடுக்கும் முறை பிறகு தானாக அமைந்தது. படியிறங்கியதும் இடது கைக்கு ரோஸ்மேரி. ஊசி ஊசியாக, பிசின் வாசனையோடு. அது இருந்தால் வாசல் பக்கத்தில் இருக்கிறோம் என்று பொருள். எட்டு எட்டு தள்ளிக் கற்பூரவல்லி, அதே உடைந்த தொட்டி. (புதுத் தொட்டிக்கு மாற்றப் போனேன், விளிம்பு உடைந்த இடம்தான் அடையாளம் என்று தடுத்துவிட்டார்.) அதற்கடுத்து வாசனை ஜெரேனியம், நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில். பிறகு புதினா, கடைசியில் பவளமல்லி. தொட்டிகளையெல்லாம் கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தோம். குனிந்து தேடவேண்டியதில்லை, நடக்கிற கை தானாக உரசும். இரண்டு செடிகளுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் இடம். முன்பானால் அந்த வெற்றிடம் என்னை உறுத்தியிருக்கும்.

காற்றுமணிகளைக் கழற்றியாயிற்று. நீரூற்றை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் அது ஒரே இடத்தில், ஒரே மாதிரி, விடாமல் சொட்டுகிறது. மணி காற்றடிக்கும்போது எங்கும் ஒலித்து, காற்றில்லாதபோது காணாமல் போகும், நம்பமுடியாத சாட்சி. சொட்டுகிற தண்ணீர் நகராது.

செம்பருத்தி விஷயத்தில் பட்ட அசட்டுத்தனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தி சாயும்போது கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கருத்துப்போகும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். 1819-லேயே புர்கின்யே என்பவர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அத்தை தோட்டத்துக்கு வருவதே மாலையில். பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் நட்ட வரிசை, அவருக்கு ஆறு மணிக்கு ஒரு கறுப்பு வேலி. அதற்குப் பதில் நந்தியாவட்டை வந்தது. கரும்பச்சை இலையில் வெள்ளைப் பூ, கொஞ்சமே மிஞ்சியிருக்கும் பார்வைக்கு ஒரு பிடி. பாதையின் இரு ஓரச் செங்கல்லுக்கும் வெள்ளை அடித்தோம். அதுதான் மொத்தத் தோட்டத்திலும் அதிகம் பயன்பட்டது என்று அத்தை சொல்லும்போது, செடிகளுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

இப்போது மாலையில் தண்ணீர் விட ஆரம்பித்தால் போதும், கூப்பிட வேண்டியதில்லை. மண் நனைகிற வாசனை வீட்டுக்குள் போய்விடும். அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் மண்ணிலிருக்கும் நுண்ணுயிரிகள் செய்வது. லட்சம் கோடிப் பங்கில் ஐந்து பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். அதுவும் மேலே வந்து விழுகிற வாசனைதானே என்று அத்தையிடம் கேட்டேன். "அது கூப்பிட்டுட்டுப் போயிடுமே" என்றார். வாதாட முடியவில்லை.

பாதை திரும்புகிற இடத்துக்கு ஒரு அடையாளம் தேவைப்பட்டது. அங்கே கிலுகிலுப்பை விதைத்தோம். மஞ்சள் பூ, வாசனை ஒன்றும் கிடையாது. ஆனால் காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதைகள் கழன்று, தொட்டதும் கிலுகிலுவென்று ஆடும். அதன் அறிவியல் பெயரும் தாளம் தட்டும் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் வந்தது. எங்கேயோ யாரோ இதே காயைக் காதருகே ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். அத்தை திருப்பத்தில் கையை வீசுவார், காய் பதில் சொல்லும், வலப்பக்கம் திரும்புவார். ஆனால் அது ஒரு பருவத்துச் செடி. போன மாதம் காய்ந்து சாய்ந்துவிட்டது. மறுநாளே திருப்பத்தைத் தவறவிட்டு அத்தை சுவரில் தோளை இடித்துக்கொண்டார். காய்களைச் சேகரித்து ஒரு காகித உறையில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன், இந்த வாரம் விதைத்துவிடலாம் என்று. தினமும் அந்தப் பக்கம் போகும்போது உறையை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே கிலுகிலுக்கிறது. "இன்னும் விதைக்கலையாம்மா?"